நாற்பதாவது கொய்யா

வில்லியனூர் கடைத்தெருவில் விஜயராணி என்று கேட்டால் எந்த விஜயராணி என்பார்கள். கொய்யாக்காரம்மா என்று கேட்டால் உடனே வழி சொல்வார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று கூடவே ஓர் எச்சரிக்கையும் வரும். எனக்கும் வந்தது. நான் கேட்கவில்லை.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஐம்பது வயது ஆள் ஒருவன் ஏன் ஊர் ஊராகப் போய்க் கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தான் என்று புரியாது. ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் நான் களப் பணியாளன். வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு என்று கொம்யூன் பஞ்சாயத்து ஒவ்வொன்றாகச் சுற்றி, வீட்டுப் பின்பக்கத்திலும் வரப்போரத்திலும் விதையிலிருந்து தானாக முளைத்த கொய்யா மரங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். மரத்துக்கு ஒரு படிவம். இலையின் நீள அகலம், பழத்தின் எடை, நூறு விதையின் எடை, சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். தோட்டக்காரர்கள் வைப்பது இரண்டு மூன்று ரகம்தான். அவையெல்லாம் பதியன் போட்டு எடுத்த கன்றுகள், ஒரு மரத்தின் கிளையே பல தோட்டங்களில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதையில் வந்த மரம் அப்படியில்லை, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. செல்லிப்பட்டில் ஒரு மரத்துப் பழம் பேரிக்காய் வடிவத்தில் இருந்தது. பாகூர்ப் பக்கம் ஒரு மரம் ஆடியில் மட்டும் காய்த்தது. இன்னொன்றின் பழத்தைக் கடித்து எனக்குக் கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டது, அதையும் படிவத்தில் எழுதினேன். புது ரகம் உருவாக்குகிறவர்களுக்கு இந்த வேறுபாடுகள்தான் மூலதனம். ரகம் தெரிந்த மரங்கள் ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதால், அவற்றைப் பதிய வேண்டாம் என்பது எங்களுக்கு உத்தரவு.

விஜயராணியின் தோட்டத்துக்கு என்னை அனுப்பியது பழக்கடை நசீரா. எந்த வீட்டில் என்ன மரம் நிற்கிறது என்று அந்த ஊரில் நசீராவுக்குத் தெரியாதது கிடையாது.

"அவ தோட்டத்துல துணி தொவைக்கிற கல்லாண்ட ஒரு மரம் கீது. அத போய்ப் பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். நசீரா ஆரஞ்சுப் பழங்களை அடுக்குவதில் மும்முரமாகிவிட்டார். பக்கத்து டீக்கடைக்காரர்தான் கதையைச் சொன்னார்.

செல்லிப்பட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் விஜயராணி. கணவர் புகழ்வேந்தன் பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மீதியை விஜயராணி பேசிவிடுவார். 2010இல் இருவரும் லக்னோ ரகத்தில் நாற்பது பதியன் கன்றுகள் வாங்கி வைத்தார்கள். காய்ப்புக்கு வந்ததும் விஜயராணி கூடையோடு முதலில் ஏறிய படி நசீராவின் கடைப்படி. நசீரா ஏழெட்டு வயது மூத்தவர். விஜயராணி அவரை அக்கா என்றார். காலையில் கூடையை இறக்கிவிட்டு ஒரு டீ, மாலையில் வெற்றுக் கூடையை எடுக்க வரும்போது ஒரு டீ. நசீராவின் ஒரே மகள் ஃபைஜா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையோடு விஜயராணியின் மடியில்தான் சாய்வாளாம். இப்படிச் சில வருஷங்கள் போயின.

2017இல் ஒருநாள் நசீரா ஒரு பழத்தை நறுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது லக்னோ இல்லடி. வாசனை வேற, கொட்டையும் பொடிசு. ரெண்டையும் ஒரே கூடையில கலக்காத. வாங்கறவங்க மறுநா வந்து அதுதான் வேணும்னு சண்ட போடறாங்க."

கலக்காதே என்ற சொல் விஜயராணிக்குத் தைத்துவிட்டது. கடைத்தெருவில் அவருக்கு இருந்த ஒரே சொத்து, கொய்யாக்காரம்மா பொய் சொல்ல மாட்டார் என்ற பேர். "நான் கலப்படம் பண்றவளா? நாப்பது மரமும் ஒரே நாள்ல வெச்சது, நானே எண்ணி எறக்கினது" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். மறுநாளிலிருந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து விற்றார். நசீராவின் கடை எதிர்ச்சாரியில், முப்பது அடி தூரம். ஒருவர் முகத்தை ஒருவர் தினமும் பார்த்துக்கொண்டு, பேசாமலே இருந்தார்கள்.

நான் தோட்டத்துக்குப் போனது 2022இல். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து மரம் மற்றவற்றைப் போல இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. இலை ஒடுக்கம், பட்டை சிவப்பு. விஜயராணியிடம் ஜாக்கிரதையாகத்தான் கேட்டேன்.

"குளிக்கிற தண்ணி, தொவைக்கிற தண்ணி எல்லாம் அதுக்குத்தான் சார் போவுது. அதான் ருசி கொஞ்சம் மாத்தம். மத்தபடி எல்லாம் லக்னோ. உங்கள யாரு அனுப்பனா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பதே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. சித்திரை வெயில் வேறு. படிவத்தில் ரகம் லக்னோ என்று எழுதி, பதிய வேண்டாம் என்று குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன். புகழ்வேந்தன் அப்போது, எங்கள் பேச்சு கேட்கும் தூரத்தில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதை எழுதுகிறவனுக்குச் சம்பளம் எதற்கு?

2024 கடைசியில் வந்த புயலில் சங்கராபரணி ஆறு கரை மீறித் தோட்டத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்தபோது எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. பங்குனிக்குமேல் ஒவ்வொரு மரமாக இலை வெளிறிக் காய ஆரம்பித்தது. விஜயராணி பிண்ணாக்கு வைத்தார், மருந்துக் கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் ஊற்றினார். ஆவணிக்குள் பாதித் தோட்டம் விறகு. அப்போதுதான் நான் விட்டுவந்த போன் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டார். குரலில் பழைய முறுக்கு இல்லை.

எங்கள் திட்டத்தின் விஞ்ஞானி மஞ்சுளாவோடு போனேன். முப்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர், போனதும் மண்வெட்டியைக் கேட்பவர். காய்ந்துகொண்டிருந்த ஒரு மரத்தின் வேரைத் தோண்டிக் காட்டினார். வேர் முழுக்க இஞ்சிக் கிழங்காக முடிச்சு முடிச்சாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத புழு உள்ளே இருக்கிறது, வெள்ளம் அதைத் தோட்டம் முழுக்கப் பரப்பியிருக்கும், காய்கிற மரங்களைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். விஜயராணி இடுப்பில் கைவைத்து நின்றபடி கேட்டுக்கொண்டார்.

பிறகு மஞ்சுளா துவைக்கிற கல்லுக்குப் பக்கம் போனார். அந்த மரம் மட்டும் கரும்பச்சையாக, காயோடு நின்றது. அங்கும் தோண்டினார். இரண்டு இடத்தில், மூன்று இடத்தில் தோண்டினார். வேரில் முடிச்சே இல்லை.

"இதுவும் அதே ரகமாம்மா?"

"எல்லாம் லக்னோதான் மேடம். ஒரே நாள்ல வெச்சது."

மஞ்சுளாவின் முகத்தில் வந்த ஆர்வம் வந்த வேகத்தில் போனது. "அப்படின்னா இது மண்ணோட வேலை. சோப்புத் தண்ணி போற இடம், புழு குறைவா இருக்கலாம். வேற ரகமா இருந்திருந்தா கிளை எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சிருப்போம். லக்னோ எங்ககிட்டயே இருக்கு, அது புழுவுக்குத் தாங்காதுன்னும் தெரியும்." கையைக் கழுவிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. இலையைப் பாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வேறு ஒரு குரல் கேட்டது.

"அது லக்னோ இல்ல."

புகழ்வேந்தன். கையில் வைக்கோல், பார்வை தரையில்.

"இன்னா சொல்றே?" என்றார் விஜயராணி.

"கன்னு வெச்ச ரெண்டாம் மாசம், உங்க அம்மா வூட்லேர்ந்து ஓட்டியாந்தியே ஒரு வெள்ளாடு, அது அவுத்துக்கினு போயி கல்லாண்ட இருந்த கன்ன வேரோட தின்னுட்ச்சி. கட்டிட்டுப் போன்னு நீ சொல்லிட்டுத்தான் போனே. நான் மறந்துட்டேன். நீ வந்தா கத்துவேன்னு, குப்ப மேட்டுல மொளைச்சிருந்த ஒரு கொய்யாக் கன்ன புடுங்கி அந்தக் குழியில வெச்சேன். நீ சாயங்காலம் எண்ணிப் பாத்தே. நாப்பது இருந்திச்சி."

பதினைந்து வருஷம் அந்த மனிதர் சேர்த்துவைத்திருந்த பேச்சு அவ்வளவுதான்.

விஜயராணி கத்துவார் என்று நாங்கள் மூவரும் காத்திருந்தோம். அவர் கத்தவில்லை. "எங்க அக்காவாண்ட நான் சண்ட போட்டுட்டு வந்த அன்னிக்கி நீ வூட்லதான இருந்தே? அழுதேனே, பாத்தே இல்ல?" என்று மட்டும் கேட்டார். புகழ்வேந்தன் தலையை ஆட்டினார்.

அதற்குள் மஞ்சுளா திரும்பி வந்திருந்தார். மரம் என்று வந்துவிட்டால் அவருக்கு மனிதர்களின் சங்கடம் புலப்படாது. "குப்பைமேட்டுல முளைச்சதுன்னா விதைக்கன்று. நல்லாக் கேளுங்கம்மா. அந்த முப்பத்தொன்பதும் வேரோட ஒரே மரம் மாதிரிதான். ஒண்ணைக் கொல்ற புழு எல்லாத்தையும் கொல்லும். இதோட தாய் எது, மகரந்தம் எதுலேர்ந்து வந்துச்சு, யாருக்கும் தெரியாது. அதனால இதுக்கு வேற குணம் இருக்கலாம். தொட்டியில வச்சுப் புழு விட்டுப் பார்ப்போம். தாங்கிடுச்சுன்னா இது மேல லக்னோவை ஒட்டுக் கட்டலாம், இதோட சேர்த்துப் புது ரகமும் எடுக்கலாம். தாங்காமலும் போகலாம், நூறு மரத்தைச் சோதிச்சா தொண்ணூறு போயிடும். உங்களுக்கு ஆசை காட்ட விரும்பலை."

விஜயராணி பாதிதான் கேட்டிருப்பார். என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க சார். ரகம் இல்லன்னு எழுதுங்க. ஆடு தின்னதையும் எழுதுங்க."

ஆட்டுக்குப் படிவத்தில் இடமில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன். மஞ்சுளா பென்சில் கனக் கிளைகளாகப் பன்னிரண்டு வெட்டி ஈரச் சாக்கில் சுற்றினார். கிளம்பும்போது விஜயராணி அந்த மரத்தில் பழுத்திருந்ததையெல்லாம் பறித்து ஒரு கூடையில் போட்டுக்கொண்டு, "கடைத்தெருவுல எறக்கி வுடுங்க" என்று ஜீப்பில் ஏறினார். புடவைகூட மாற்றவில்லை. கடைத்தெரு வந்ததும், "நீங்களும் வாங்க சார். நான் சொன்னா அக்கா நம்பாது. எழுதனவரு நீங்க" என்றார்.

நசீரா கடையில் தனியாக இருந்தார். விஜயராணி படியேறிக் கூடையை இறக்கினார். எட்டு வருஷம் கழித்து.

"அக்கா, அது லக்னோ இல்ல. கன்ன ஆடு தின்னுட்ச்சி. இந்த மனுசன் குப்பமேட்டுக் கன்ன புடுங்கி வெச்சிட்டு வாயத் தொறக்கல. நீ சொன்னதுதான் சரி. நான்தான் தெரியாம கலந்து வித்துக்கினு இருந்தேன். கேளு, இந்த சார் எழுதிக்கீறாரு."

நான் படிவத்தை நீட்டினேன். நசீரா அதை வாங்கவே இல்லை. கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பக் கூடையிலேயே வைத்தார்.

"இத சொல்லத்தான் வந்தியா?"

"ஆமாக்கா."

"எனக்கு அன்னிக்கே தெரியுமேடி. சரி எது தப்பு எதுன்னா கேட்டேன் நான்? ஃபைஜா நிக்காவுக்குப் பத்திரிகைய புகழு கையில குடுத்து அனுப்புனேன். பந்தி முடிஞ்சும் நீ வருவேன்னு ஒரு சட்டி பிரியாணி தனியா எடுத்து வெச்சிருந்தேன். சாயங்காலம் வரைக்கும் யாரையும் தொட வுடல. பொண்ணு கார்ல ஏறும்போது, கொய்யா சின்னம்மா வரலியான்னு கேக்குது. இன்னா சொல்வேன்? மறுநா அந்தச் சட்டி ஊசிப்போச்சி. நானே எடுத்துக்கினு போயி கொட்டிட்டு வந்தேன்."

விஜயராணி கடைப்படியில் அப்படியே உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மரத்தின் பேரைத் தப்பாகச் சொன்னதற்கு இவ்வளவா என்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

நசீரா, பழம் கேட்டு வந்த ஒருவரை அப்புறம் வரச் சொன்னார். என்னையும் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு கல்லாவை விட்டு இறங்கி வந்து, முழங்கால் வலிக்கு முனகிக்கொண்டே, விஜயராணிக்குப் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார்.