முதல் சுருளில் மஞ்சள்

2019 ஆகஸ்ட் 12: ரூ. 6,400
2021 மார்ச் 3: ரூ. 38,750
2023 ஜூன் 19: ரூ. 1,12,000
2024 நவம்பர் 8: ரூ. 2,86,500

பிரான்ஸில் கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைத்து விற்கும் ஒரு கம்பெனிக்கு உப்பளம் பகுதியில் இருக்கும் சுமலதா அனுப்பிய சரக்குகளில் நான்கின் விலை இது. சரக்கு என்றால் கழுத்துக்குள் தைக்கும் லேபிள், கொட்டாங்குச்சியில் கடைந்த பொத்தான், துணிக்கழிவுக் காகிதத்தில் வெட்டிய விலை அட்டை. பிளாஸ்டிக் ஆகாது. அவர்களே அனுப்பும் அச்சு மையைத் தவிர வேறு எந்தச் சாயமும் படக்கூடாது. அவர்கள் அதில் கண்டிப்பு.

சுமலதா தவளக்குப்பம் பக்கத்தில் பயிர்வைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். கணவர் கலியமூர்த்தி வேலைபார்த்த மில் மூடியபின், ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பல வருடம் லேபிள் வெட்டினாள். பிறகு துணிந்து மாடியில் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, வெளுக்காத பருத்தி நாடாவில் லேபிள் போட ஆரம்பித்தாள். கூட மூன்று பெண்கள். நான்கு வீட்டு உலையும் அந்த ஒரே கம்பெனியின் ஆர்டரை நம்பித்தான் கொதித்தது.

எந்தச் சரக்கானாலும் வேலை தொடங்கும் அன்று கற்பூரம் காட்டி, முதல் நாடாச் சுருளின் நுனியில் விரலால் மஞ்சள் தொட்டு வைப்பாள். புது மிஷினுக்கு, புதுச் சேலைக்கு வைப்பதுபோலத்தான். வெளுக்காத பழுப்பு நாடாவில் அது கண்ணுக்கே தெரியாது. அது சாயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

2024 டிசம்பரில் பிரான்ஸிலிருந்து ஒரு கடிதமும், உறைக்குள் ஒரு லேபிளும் வந்தன. ஆர்டர் பிடித்துத் தரும் பிரேம்குமார்தான் பிரெஞ்சு தெரிந்தவர். படித்துவிட்டு லேபிளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“வெள்ளைச் சட்டையில தச்சு, சோப்புல துவைச்சுப் பாத்திருக்காங்க. கழுத்தெல்லாம் செவப்பு. ரத்தமான்னு கேக்குறாங்கக்கா. யாருக்கோ அடிபட்டத மறைக்கிறோமாம்.”

“ஐயோ, சோப்பு பட்டா மஞ்சள் செவக்கும் சார். தாலிக்கயிறு கட்டுன பொம்பளையக் கேட்டாத் தெரியும்.”

“அவங்க லேப்ல யாரும் தாலி கட்டல. ஒண்ணு செய்யலாம். வேலைக்கு வந்த பொண்ணு சாப்ட்டுட்டுக் கை கழுவல, ஆள நிறுத்திட்டோம்னு எழுதிடுவோம். முடிஞ்சுது.”

மூன்று பெண்களில் ஒருத்தி, லேபிள் வெட்டிக்கொண்டிருந்த சரிதா, கத்தரிக்கோலை வைத்தாள். “என் பேரப் போட்டுக்கக்கா. பிரான்ஸ்லேர்ந்து வந்து என்னப் புடிச்சிட்டா போவப் போறான்?”

“வருசா வருசம் அவங்க கம்பெனி ஆள் வந்து இங்க தலைய எண்ணுறாங்கள்ல? அன்னிக்கி எங்கடி ஒளிஞ்சிக்குவ, பொத்தான் மூட்டையிலயா?” என்றாள் சுமலதா.

“நான் இருக்குற சைஸுக்கு ரெண்டு மூட்ட வேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சுமலதாவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கை தன்னுடையது, வைத்தது மஞ்சள் என்றே எழுதச் சொன்னாள்.

ஜனவரியில் பதில் வந்தது. மஞ்சள் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். இந்தச் சரக்கை மாற்றிக் கொடுத்தால் போதும். ஒரே ஒரு கேள்வி: முன்பு அனுப்பியவற்றிலும் இப்படி வைத்தது உண்டா?

“இதுதான் முதல் தடவைன்னு ஒரு வரி போதும். வர்ற வருச ஆர்டர் கையில” என்றார் பிரேம்குமார்.

சுமலதா நாற்காலியில் சாய்ந்தாள். நான்கு மாதமாக நிற்காத முதுகுவலி. வாடகைக்காரர் நேற்றுதான் வந்து போயிருந்தார்.

“உண்டுன்னு எழுதுங்க சார்.”

“யோசிச்சுச் சொல்லுங்கக்கா.”

“யோசிச்சு யோசிச்சுத்தான் தூக்கமே போச்சு. வித்த சட்டை எங்கியோ ஒரு வூட்டுல இருக்கும். துவைக்கறப்ப புள்ள சட்டைக் கழுத்துல செவப்பப் பாத்தா, பெத்தவ பதற மாட்டா? என்னான்னு அவங்களாச்சும் சொல்லணும்ல.”

அவர் எழுதினார். எழுதி முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

படியிறங்கும்போது சரிதா கேட்டாள். “ஏன்க்கா உண்டுன்னு சொன்ன?”

“கேட்டாங்களே.”

பிரான்ஸிலிருந்து பதில் வரும்வரை சுமலதா காத்திருக்கவில்லை. திருப்பியனுப்பிய சுருள்களுக்குப் பதிலாகப் புதிதாகப் போட்டு அனுப்பினாள். இந்த முறை கற்பூரம் மட்டும். மற்ற இரண்டு பெண்களுக்குத் துணிக்கடையில் வேலைக்குச் சொல்லி வைத்தாள். சரிதா நோணாங்குப்பம் படகுத்துறையில் டீக்கடை வேலைக்குப் போனாள். கூடத்தைக் காலி செய்ய நாள் பார்க்க வேண்டாம் என்று கலியமூர்த்தி சொன்னார். அவளும் பார்க்கவில்லை.

விற்ற சட்டைகளைத் திரும்பப் பெறுவதாகவும், உண்மை சொன்னதற்கு நன்றி என்றும், இனி ஆர்டர் இல்லை என்றும் எழுதியிருந்த கடைசிக் கடிதம் வந்தது 2025 பிப்ரவரி 17, திங்கட்கிழமை.