ஆயில் குடித்த வண்டியும் என் மருமகளும்

என் மருமகள் இந்த வீட்டுக்குத் தனியாக வரவில்லை, காரோடு வந்தாள். யாரும் வாங்கிக் கொடுத்த கார் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே ரொட்டிக் கடை வேன் ஓட்டிச் சம்பாதித்து, ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டியை அவளே வாங்கியிருந்தாள். என் மகனைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் காரைப் பார்த்துவிட்டாள். ஆகவே இந்த வீட்டில் மூத்த உரிமை காருக்குத்தான் என்று நான் சொல்வேன். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வைத்துக்கொள்ளட்டும், உள்ளதைத்தானே சொல்கிறேன்.

மகன் தையல்காரன். வீட்டின் முன் அறைதான் கடை. விடிந்தால் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொள்வான், படுக்கும்போதுதான் கழற்றுவான். கார் ஓட்டத் தெரியாது. முன் சீட்டில் உட்கார்ந்தால், பிரேக் இல்லாத இடத்தில் காலை வைத்து அழுத்திக்கொண்டே வருவான்.

மருமகளோ காரிலேயே பிறந்தவள் மாதிரி. ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளைகளை டூட்டிக்குக் கொண்டுபோய் விடுவதும், முடிந்ததும் வீட்டில் சேர்ப்பதும்தான் அவள் வேலை. இறங்கிய பிள்ளை உள்ளே போய் விளக்கைப் போடும் வரை வண்டியை எடுக்க மாட்டாள். இதற்காகவே அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் வேறு வண்டியில் ஏறவிட மாட்டார்கள். மேட்டில் ஏறும்போது ரேடியோவை அணைத்துவிடுவாள், எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்கவேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தூளில் ஒரு பிடி சர்க்கரையைக் கலந்து கையைத் தேய்ப்பாள். கிரீஸ் போய்விடும். சர்க்கரை டப்பா காலியாவது எதனால் என்று எனக்குப் புரியவே வெகுநாள் ஆனது.

அப்படிப்பட்ட வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பாள். குச்சியின் நுனியில் இரண்டு கோடு உண்டு. ஆயில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். எப்போது பார்த்தாலும் கீழ்க்கோட்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊற்றுவாள். அடுத்த வாரம் மறுபடி அதே கதை. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டி பின்னால் நீலமாகப் புகை கக்கியதில், காவலாளி தண்ணீர் வாளியோடு ஓடி வந்துவிட்டாராம்.

இது மகன் காதுக்கு எட்டியது. அன்று சாப்பிடும்போது பேச்சை எடுத்தான்.

"சனிக்கிழமை வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காரு."

"யாரு? எதை?"

"பழைய இரும்புக் கடைக்காரர். வண்டியை."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "என் வண்டியையா?"

"ஊத்தி ஊத்தி எவ்வளவு காலம் ஓட்டுவ? ஒருநாள் நடுரோட்டுல எஞ்சின் இறுகிப்போய் நிக்கும். உள்ளே நாலு பொண்ணுங்க இருப்பாங்க. பின்னாடி லாரி வரும். நான் இங்க உக்காந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டிருப்பேன்."

பயத்தில் பேசுகிறான் என்று அவளுக்கும் தெரிந்தது. அதனால் சண்டைக்குப் போகவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் விடுங்க," என்றாள். "ஆயில் எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கிறேன். எஞ்சினே தேஞ்சுபோச்சுன்னா, நானே சாவியைக் குடுத்துடறேன்."

"குடுப்பியா?"

"குடுப்பேன்."

"நான் சாட்சி," என்றேன். "அவ கண்டுபிடிச்சுட்டா நீ அந்த இரும்புக்காரர் பேச்சையே எடுக்கக் கூடாது. அதுக்கும் நானே சாட்சி."

"நீங்க யார் பக்கம்மா?"

"வண்டி பக்கம்."

மறுநாள் மெக்கானிக்கிடம் போனோம். நானும்தான் போனேன், சாட்சி வீட்டில் உட்கார்ந்திருந்தால் எப்படி? மெக்கானிக் அவளுக்கு அண்ணன் முறை மாதிரி. எல்லா வண்டியையும் திட்டிக்கொண்டேதான் பழுது பார்ப்பார். குச்சியை உருவிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஆயில் போறதுக்கு வழி கொஞ்சம்தான், தங்கச்சி. வெளியே ஒழுகும், இல்லேன்னா ரேடியேட்டர் தண்ணியில கலக்கும், இல்லேன்னா உள்ளேயே எரியும். உன் வண்டி புகை விடுதுன்னா எரியுது. பிஸ்டன் ரிங் போயிருக்கும். எஞ்சினைப் பிரிச்சாத்தான் சரி. இதைப் பிரிக்கிறதுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிடலாம்."

"பாக்காமயே சொல்றீங்களே அண்ணே."

"பாத்துப் பாத்துத்தான் இந்த முடியெல்லாம் போச்சு."

"எனக்காக ஒண்ணொண்ணா பாத்துடலாம். மத்ததெல்லாம் இல்லேன்னு ஆனப்புறம் ரிங்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. "மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியா? இது நல்ல வீடில்லையே," என்று சொல்லிக்கொண்டே ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் பச்சையாக, சுத்தமாக இருந்தது. எண்ணெய்ப் படலமே இல்லை.

ஒழுகுகிறதா என்று பார்க்கும் வேலையை வீட்டிலேயே செய்தோம். எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, மூடி சேரும் இடங்களில் எல்லாம் முகப் பவுடரைத் தூவினாள். ஒழுகினால் அந்த இடத்தில் பவுடர் கறுத்துவிடுமாம். வண்டிக்கு அடியில் விரிக்க வெள்ளைத் துணி கேட்டாள். மகன் ஒரு துண்டுத் துணியும் தர மாட்டேன் என்றான், எல்லாம் அடுத்தவர் துணியாம். என் படுக்கை விரிப்பைக் கொடுத்தேன். காலையில் குனிந்து பார்த்தால் விரிப்பில் மிளகு அளவுக்கு ஒரு பொட்டு. அவ்வளவுதான். பவுடரும் பூசினது பூசினபடி இருந்தது.

"இந்தப் பொட்டுக்காகவா வாரா வாரம் டப்பா டப்பாவா வாங்கறேன்?" என்றாள். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு வழியாக அடைபட அடைபட, ரிங் என்கிற வழி மட்டும்தானே பாக்கி நிற்கிறது. அவள் முகம் சிறுத்துப்போனது. அன்று ரேடியோ போடவே இல்லை.

அப்புறம் புகை. எனக்குக் கொடுத்த வேலை வண்டிக்குப் பின்னால் நிற்பது. அவள் ஸ்டார்ட் செய்வாள், நான் என்ன நிறம் என்று சொல்லவேண்டும்.

"ஒண்ணுமில்லம்மா."

"நல்லா பாருங்க அத்தை."

"எனக்கு எழுத்துதான் தெரியாது, புகை தெரியும். ஒண்ணுமில்ல."

காலை முழுவதும் ஒன்றுமில்லை. மத்தியானம் குச்சி கீழ்க்கோட்டில் இருக்கிறது என்று ஊற்றினாள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபோது தெருமுனையிலிருந்தே நீலப் புகை. கூட வந்த நர்ஸ் பிள்ளை இருமிக்கொண்டே சொன்னது: "அக்கா, நீங்க ஆயில் ஊத்தினாத்தான் புகையுது. ஊத்தாத நாள்ல நல்லாத்தான் இருக்கு." அந்தப் பிள்ளை விளையாட்டாகத்தான் சொன்னது. மருமகள் சிரிக்கவில்லை. சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி மெக்கானிக் ஷெட். மகனும் கடையைச் சாத்திவிட்டு வந்தான். சாவியைக் கொடுக்கும்படி ஆனால் அவள் தனியாக நிற்கக் கூடாது என்று வந்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவனைப் பெற்றவளுக்குத் தெரியாதா?

மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கடிகாரம் மாதிரி முள் வைத்த ஒரு கருவியை முடுக்கி அழுத்தம் பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் முள் சோர்ந்து நிற்குமாம். முள் நாலு தரமும் துள்ளிக்கொண்டு ஏறியது. அவர் கருவியைத் தட்டிப் பார்த்தார். வேறு வண்டியில் மாட்டிப் பார்த்தார். திரும்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"ரிங் இல்ல தங்கச்சி. எஞ்சின் இளவட்டம் மாதிரி இருக்கு."

"அப்ப ஆயில் எங்க அண்ணே?"

"அதான் தெரியல." காற்று போகும் குழாயைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "இங்க ஏன் இவ்வளவு?"

"இருக்கறதையெல்லாம் இறக்கிப் பாத்துடுவோம்," என்றாள் மருமகள். "எவ்வளவு மிச்சம்னாவது தெரியட்டும்."

அன்று காலையும் குச்சி கீழ்க்கோட்டைத்தான் காட்டியது. அதனால் மெக்கானிக் அடியில் ஒரு நாலு லிட்டர் டப்பாவை வைத்தார். அந்த எஞ்சின் வயிறு நிறையவே மூன்றரை லிட்டர்தான் கொள்ளும். போல்ட்டைக் கழற்றினார். கறுப்பாக விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. டப்பாவின் கழுத்து வரை ஏறி, விளிம்பைத் தாண்டி, அவர் செருப்பு வரை வந்துவிட்டது. குதித்து எழுந்தார்.

"தங்கச்சி, இது ஆயில் குறையற வண்டியா, ஆயில் கிணறா?"

அவர் கந்தலில் காலைத் துடைத்துக்கொண்டே பானெட்டுக்குள் கையை விட்டுக் குச்சியை உருவினார்.

"இது இந்த வண்டிக் குச்சிதானா?"

"வாங்கினதிலேர்ந்து இதேதான் அண்ணே. என் தங்கச்சி ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் துணைக்குப் போனேன்ல, அப்பகூட இவருதான் எடுத்துத் துடைச்சுப் பளபளன்னு வெச்சிருந்தாரு."

அதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். கார் பக்கமே போகாத மனுஷன், தான் இல்லாதபோது ஆயில் குச்சியைத் துடைத்து வைத்திருந்தார் என்று நர்ஸ் பிள்ளைகளிடம் சொல்வாள், ரொட்டிக் கடையில் சொல்வாள், என்னிடம் சொல்வாள். நான் மகனைப் பார்த்தேன். கழுத்து டேப்பின் நுனியை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் சட்டை நுனியைச் சுருட்டுவான்.

"என்னடா உடைச்ச?" என்றேன்.

"குச்சி," என்றான். "பாத்திரம் கழுவுற தொட்டி அடைச்சுக்கிச்சு. நீளமா வேற எதுவும் கைக்கு ஆம்பிடல. உள்ளே விட்டு ஒரு ஆட்டு ஆட்டினேன், பாதி குழாய்க்குள்ளயே போயிடுச்சு."

"அப்ப இது?" என்றாள் அவள்.

"இரும்புக் கடையில வாங்கினது. எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னாரு. குச்சி குச்சிதானேன்னு நினைச்சேன்."

ஷெட்டின் மூலையில் அதே மாதிரி கார் ஒன்று நின்றது. மெக்கானிக் அதன் குச்சியைக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். பிறகு என் மகனிடம் நீட்டினார். "நீங்களே அளந்து சொல்லுங்க, டெய்லரே."

அளந்தான். வேறென்ன செய்வான்? நம்முடையது ஒரு விரல் குட்டை. வேண்டிய ஆயில் இருந்தாலும் கோட்டுக்கு எட்டாமல் நுனியைத்தான் நனைக்கும். எட்டாததைப் பார்த்துக் குறைந்துவிட்டது என்று இவள் ஊற்றுவாள். அளவுக்கு மேல் போனதை உள்ளே சுற்றுகிற தண்டு அடித்து நுரையாக்கி, குழாய் வழியே ஏற்றிவிட, அது காற்றோடு போய் எரிந்து புகையும். எரிந்து இறங்கினால் குச்சி மறுபடி கையை விரிக்கும். வயிறு முட்டத் தின்ற பிள்ளை கக்கினால், ஐயோ எல்லாம் போச்சே என்று மறுபடி ஊட்டுகிற தாய் மாதிரிதான் என் மருமகள் இத்தனை நாளும் இருந்திருக்கிறாள்.

"ஊருக்கெல்லாம் அளவெடுக்கறீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "உடைஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் இருந்தேன். நீ வந்ததும் துடைச்சீங்களான்னு கேட்ட. அப்படி ஒரு சந்தோஷம் உன் முகத்துல. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் தொட்டியடிக்குப் போய்க் கை கழுவினாள். வெகு நேரம் கழுவினாள். இரும்புக் கடையில் குவியலோடு குவியலாகப் போயிருக்க வேண்டிய வண்டி, எஞ்சினில் ஒரு குறையும் இல்லாத வண்டி. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அழுகிறாளோ என்று பார்த்தால் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கழுவுற தொட்டியில அத்தை," என்றாள். "ஆயில் குச்சியை."

திரும்பி வந்து, சரியான அளவுக்குப் புது ஆயிலை ஊற்றினாள். அந்தக் குட்டைக் குச்சியையே விட்டு எடுத்து, ஈரம் நின்ற இடத்தைக் காட்டி மகன் கையில் அரத்தைக் கொடுத்தாள். "நீங்களே கோடு போடுங்க." அவன் சட்டைப் பையிலிருந்து தையல் சாக்கட்டியை எடுத்து அடையாளம் வைத்து, ஒன்றுக்கு இரண்டு முறை அளந்து, அப்புறம்தான் ராவினான். மெக்கானிக் திட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றது அன்றுதான்.

சனிக்கிழமை இரும்புக்காரர் சொன்னபடி வந்துவிட்டார். வண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. மகன் தையல் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டு எழவே இல்லை.

"வண்டி இல்லையாம்மா?"

"வேலைக்குப் போயிருக்கு."

"விக்கறதா டெய்லர் சொன்னாரே?"

"எதை வேணா சொல்லுவான். நீங்க போன தடவை குடுத்த ஆயில் குச்சி குட்டைங்க. ஒரு விரல் நெட்டையா இருந்தா தேடிக் கொண்டாங்க."

அவர் இன்னும் கொண்டுவரவில்லை. அரத்தால் ராவின குச்சியை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. புகை இல்லை. என் படுக்கை விரிப்பில் அந்த மிளகுப் பொட்டு மட்டும் எத்தனை துவைத்தும் போகவில்லை. இப்போதெல்லாம் விடிந்ததும் மகன்தான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்து, குச்சியை எடுத்துத் துடைத்துப் பார்த்து, "சரியா இருக்கு" என்று உள்ளே குரல் கொடுக்கிறான். பார்க்க மட்டும்தான் விட்டிருக்கிறாள். ஊற்ற விடவில்லை.