மாமா எட்டில் வைத்த மைக்

ராசிபுரத்தில் ஒரு நெய்க்கடையின் மாடியில் என் மாமா ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். கூடம் என்று சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. உள்ளதோ இரண்டு அறைகள்தான். உள்ளறைச் சுவர்களில் பஞ்சுப் பலகைகள் ஒட்டியிருக்கும். அவை போதாத இடத்தில் பவானி ஜமக்காளங்கள் தொங்கும். வெளியறையில் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடி. ரிக் வண்டிக்காரர்களின் போர்வெல் விளம்பரம், ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி, மாரியம்மன் பண்டிகை அறிவிப்பு என்று ஆட்டோவில் ஊரைச் சுற்றிய குரல்களில் பாதி அந்த உள்ளறையில் பேசப்பட்டவை. கீழே வெண்ணெய் உருக்குகிற நாளில் பேச வந்தவர்கள் எல்லோருமே பசியோடுதான் படியிறங்குவார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயத்தில் மாமா புது மைக் ஒன்று வாங்கினார். கண்டென்சர் மைக். தடித்த உருளை, மேல்பாதி வலை, தரையின் அதிர்வு தட்டாமல் இருக்க ரப்பர் கயிறுகளில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எச்சில் விழுங்கினால்கூட அதற்குக் கேட்டுவிடும் என்பதால் பதிவு நடக்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது. எனக்குப் பிடித்தது அதன் முன்பக்கத்தில் இருந்த சின்னத் திருகுதான். அதன் மேல் மூன்று படங்கள்: ஓர் இதயம், ஒரு வட்டம், ஓர் எட்டு.

மாமா ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு, போர்வெல் விளம்பரத்தைச் சொல்லிக்கொண்டே மைக்கைச் சுற்றி நடந்தார். இதயத்தில் வைத்தால் முன்னால் நிற்பவரின் குரல் மட்டும் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. பின்னால் போனதும் தேய்ந்து மறைந்தது. வட்டத்தில் வைத்தால் எங்கே நின்றாலும் கேட்டது. எட்டில் வைத்தபோதுதான் வேடிக்கை. மைக்குக்கு முன்னாலும் பின்னாலும் குரல் தெளிவாக இருந்தது. பக்கவாட்டில் நின்று அவர் கத்தியது கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல வந்தது. நான் திரும்பத் திரும்பச் சுற்றி வரச் சொன்னேன். மாமாவும் சலிக்காமல் சுற்றினார்.

அந்த மைக்கில் முதலில் எதைப் பதிவு செய்வது என்பதை அவர் முன்பே முடிவு செய்திருந்தார். எங்கள் தாத்தா மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசித்தவர். கிறிஸ்துமஸ் குடிலில் கிடக்கும் பாலகனுக்கு அவராகவே ஒரு தாலாட்டுக் கட்டியிருந்தார். எழுதி வைக்கவில்லை. அது முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: முதல் குரல் பாடிய என் அம்மா, இரண்டாம் குரல் பாடிய பெரியம்மா. இந்தக் கிறிஸ்துமஸுக்கு அதைக் குடிலில் ஒலிக்க வைக்கலாமே என்று பங்குச் சாமியார் கேட்டிருந்தார்.

சிக்கல் என்னவென்றால், தாத்தாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அம்மாவும் பெரியம்மாவும் பேசிக்கொள்வதில்லை. ஜலகண்டாபுரத்திலிருந்து பெரியம்மா காரில் வந்து இறங்கியபோது பெட்டியை மூடி, குழியையும் மூடிவிட்டிருந்தார்கள். தங்கைதான் தனக்காகக் காத்திருக்கவில்லை என்று பெரியம்மா நினைத்தார். யார் விளக்கம் சொல்ல வந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். மாமாவும் கும்பிடு வாங்கியவர்தான். அம்மாவோ, என்னைப் பற்றி அப்படி நினைத்தபிறகு நான் என்ன சொல்ல என்று வாயைத் திறக்கவே இல்லை.

மாமா இருவரையும் தனித்தனியாக அழைத்தார். அவர் பொய் சொல்லவில்லை. இன்னொருவர் வருவதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாமக்கல்லிலிருந்து நானும் அம்மாவும் போனபோது பெரியம்மா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். பெரியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மாமா எதையுமே கவனிக்காதவர் போல, புது மைக் வந்திருக்கிறது, இதில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பாடினால்தான் எடுபடும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்த் திருகை எட்டில் வைத்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜவுளிக்கடை விளம்பரத்தில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதை, ஆணை ஒருநாளும் பெண்ணை மறுநாளும் வரவைத்து அவர் பதிவு செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று உதவி செய்ய நினைத்தேன்.

"மாமா, தனித்தனியாப் பாடுனாலும் நீங்க ஒட்ட வெச்சிருவீங்கல்ல?" என்றேன்.

மாமா என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. "சாமி, நீ வந்து இப்புடி உக்காரு," என்று என்னை உள்ளறையில், மைக்குக்குப் பக்கவாட்டில் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கையில் கடலைமிட்டாயைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கள் அப்பா கட்டிய பாட்டு என்பதால்தான் இருவரும் உள்ளே வந்தார்கள் என்று நினைக்கிறேன். மைக்கின் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பெரியம்மா. அம்மா ஜமக்காளத்தின் கோடுகளைப் பார்த்துப் பாடினார். பெரியம்மா தரையைப் பார்த்துப் பாடினார். சுவரில் இருந்த சின்ன ஒலிபெருக்கியில் மாமாவின் குரல் கேட்டது.

"கீழ பாத்தா குரல் ஏற மாட்டேங்குதுங்க பெரியக்கா. நிமிந்து மைக்கைப் பாருங்க. சின்னக்கா, நீங்களுந்தான்."

மைக்கைப் பார்த்தால் அதற்குப் பின்னால் இருக்கும் முகத்தையும் பார்த்தாக வேண்டும். இருவரும் பார்த்தார்கள். மறுபடி தொடங்கினார்கள். 'வைக்கோல் மெத்தை குத்துமோ, வாடைக் காற்று தாக்குமோ' என்ற இடத்தில் இரண்டாம் குரல் எழ வேண்டும். எழவில்லை. பெரியம்மாவுக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. அம்மா பாட்டை நிறுத்தாமல், ஒத்திகையில் செய்வது போல, அந்த வரியை உதட்டை மட்டும் அசைத்து எடுத்துக் கொடுத்தார். பெரியம்மா பாடவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பன் மொகத்த நான் பாக்க வேண்டாம்னு உனக்கு எப்புடித் தோணுச்சு?" என்றார்.

விசிறி ஓடாத அறையில் இருவருக்கும் வியர்த்து வழிந்தது. அம்மா மெதுவாகச் சொன்னார்.

"மழை வருது, மழை வருதுன்னு அத்தன பேரும் அவசரப்படுத்துனாங்க. அக்கா வரட்டும்னு பெட்டியப் புடிச்சுட்டு நின்னேனுங்க. என் கையப் பிரிச்சு உட்டுட்டுத்தான் மூடுனாங்க."

நான் கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகு காட்டிச் சன்னலோரம் போய் நின்றிருந்தார். இவ்வளவு விலை கொடுத்து மைக் வாங்கிவிட்டு, வேலை நடக்கும்போது கடைத்தெருவை வேடிக்கை பார்க்கிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது. கையைக் காலை ஆட்டிப் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை. இந்தப் பக்கம் பெரியம்மா மைக்கைச் சுற்றி வந்து, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அழுகையோடு கடிக்கும் சத்தமும் சேர்ந்து பதிவைக் கெடுத்துவிடும் என்று நான் மிட்டாயைக் கடிக்காமல் வாயில் வைத்திருந்தேன்.

பெரியம்மா முகம் கழுவிக்கொண்டு வந்த பிறகு அவர்கள் பாடியதுதான் அந்த வருடம் குடிலில் ஒலித்தது. முதல் பதிவே நன்றாக வந்திருக்கிறது என்று மாமா சொன்னார். அம்மாதான் எதற்கும் இன்னொருமுறை பாடிவிடலாமே என்றார். பெரியம்மாவும் அதுவே சரி என்றார். இப்படியாக நான்கைந்து முறை பாடினார்கள்.

மதியம் கீழ்க்கடையில் ஆளுக்கொரு டப்பா நெய் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஜலகண்டாபுரம் போக பெரியம்மா சேலம் பஸ் ஏற வேண்டும். நாங்கள் நாமக்கல் பஸ். சேலம் பஸ் வந்தது. பெரியம்மா ஏறாமல் பேசிக்கொண்டிருந்தார். நாமக்கல் பஸ் வந்தது. சன்னலோரம் இடம் இருப்பதாக நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அடுத்ததுல போலாம் சாமி," என்றார். அடுத்ததிலும் இடம் இருந்தது. அதுவும் போனது. கால் வலிக்க நெய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, இத்தனை காலி பஸ்களை விட்டுவிட்டு இந்த இரண்டு பெரியவர்களும் எந்த பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது விளங்கவே இல்லை.