ஊதாக் குறி போட்ட முட்டை

1. கஞ்சி யாருக்கு?

ஆஸ்பத்திரி அடுக்களையில் வேலை கேட்டுப் போன அன்று டாக்டரம்மா என்னிடம் முதலில் கேட்டது, "கஞ்சி வைக்கத் தெரியுமா?" என்பது. தெரியும் என்றேன். "யாருக்கு?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. தெரியாத கேள்வி வந்துவிடுமோ என்ற பயத்திலேயே நாலாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இங்கேயும் வந்து நிற்கிறதே என்று நினைத்தேன்.

"கஞ்சி குடிக்கிறவங்களுக்கு அம்மா" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது. அன்று ராத்திரி முழுக்க, அவர் சிரித்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று யோசித்துத் தூங்கவில்லை.

இது முப்பதுகளின் தொடக்கத்தில், நாகர்கோவிலுக்கு மேற்கே இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நடந்தது. அதுவரை அங்கே அடுக்களை என்று ஒன்று கிடையாது. நோயாளிக்குத் துணையாகக் கூட்டிருக்க வருகிறவர்கள் மாமரத்தடியில் கல் கூட்டிச் சமைப்பார்கள். மரச்சீனிக் கிழங்கு அவிப்பார்கள், காந்தாரி மிளகாய் அரைப்பார்கள். கைப்பிள்ளை, கிழவர், கால் ஒடிந்தவன், பார்க்க வந்த சம்பந்தி எல்லோருக்கும் அதே சட்டிதான். டாக்டரம்மா தக்கலைப் பக்கத்துக்காரர், மெட்ராஸில் படித்தவர். அவருக்கு இது பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி கமிட்டிக்காரர்களிடம் சண்டை பிடித்து, சோதனைக்கு என்று சொல்லி ஓர் அடுக்களை வாங்கினார். அந்தச் சோதனையில் நானும் ஒரு பண்டம்.

வரிசையாக ஐந்து பானை. எந்தப் பானை யாருக்கு என்று டாக்டரம்மா சொல்லித் தந்ததை இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அரை வயசு வரை பிள்ளைக்குத் தாய்ப்பால்தான், வேறொன்றும் கூடாது. அதற்குப் பிறகு ஏத்தங்காய் என்கிற நேந்திர வாழைக்காயை உலர்த்திப் பொடித்துக் காய்ச்சிக் கொடுக்கலாம். ஓடியாடும் பிள்ளைக்குச் சிறுபயறு, முருங்கைக்கீரை, மீன். கல் உடைக்கிறவன், பனை ஏறுகிறவன், நாற்று நடுகிறவள் இவர்களுக்குச் சோறு நிறைய வேண்டும். அது மில்லில் வெளுத்த அரிசியாக இருக்கக் கூடாது, தவிடு போகாத குத்தரிசியாக இருக்க வேண்டும். வெறும் மரச்சீனி வயிற்றை நிறைக்கும், உடம்பை நிறைக்காது, கூடவே சாளையோ அயலையோ ஏதாவது மீன் வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் இரண்டு உயிருக்குச் சாப்பிடுகிறவள், அவளுக்குப் பாலும் கீரையும் தினம் ஒரு முட்டையும். வயசானவர்களுக்கு அளவு குறையலாம், சத்து குறையக் கூடாது. பல் போன வாய்க்குப் பயற்றை மசித்துக் கொடு, மட்டி வாழைப்பழம் கொடு.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து பானை என்றால் ஐந்து கவலை. பிள்ளைப் பானையில் உப்பு கூடிவிட்டதோ, கிழவர் பானையில் பயறு வேகவில்லையோ என்று கரண்டியும் கையுமாக ஓடிக்கொண்டே இருப்பேன்.

என்னை அந்த நாட்களில் தாங்கி நிறுத்தியது வார்டு பெருக்குகிற யேசடியாள்தான். என் அம்மா வயசு இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அடுக்களை வாசலில் நின்று, முந்தியை அவிழ்த்து, ஓர் அவித்த முட்டையை எடுத்து நீட்டுவாள்.

"தின்னு மக்கா. எனக்க கோழி இட்டது. இப்படி வெப்ராளப்பட்டா ஒடம்பு கெட்டுல்லா போவும்."

வெப்ராளம் என்றால் எங்கள் பக்கத்தில் பதற்றம். நான் வேண்டாம் என்பேன். அவள் போக மாட்டாள். தின்றுவிடுவேன்.

2. ஏறாத எடை

தங்கம்மை என்று ஒரு பெண். தலைப்பிரசவம். ஆளும் மெலிவு, பிள்ளையும் பூனைக்குட்டி மாதிரி. கூட்டிருக்க அவளுடைய மாமியார் வந்திருந்தாள், அன்னபாய் என்று பெயர். தங்கம்மைக்குத் தினமும் காலையில் முட்டை அவித்து நானே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன். பெண்கள் வார்டில் ஆம்பிளை நிற்கக் கூடாது, அதனால் வைத்த கையோடு திரும்பிவிடுவேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளையை எடை போடுவார்கள். எடை ஏறவில்லை. மறு சனிக்கிழமையும் ஏறவில்லை.

டாக்டரம்மா அடுக்களைக்கு வந்தார். வழக்கமாகப் பானையைத் திறந்து பார்ப்பவர், அன்று என்னைப் பார்த்தார்.

"பொன்னையா, முட்டை தின்னியான்னு தங்கம்மைகிட்ட கேட்டா, தின்னேன்னு சொல்லுதா. பிள்ளைக்கு ஒண்ணும் ஏறல்ல. முட்டை அடுக்களைய விட்டே வெளிய வரல்லன்னு கமிட்டிக்காரங்க பேசுதாவ. அவுங்க கூடுகிற சனிக்கிழமைக்குள்ள பிள்ளைக்கு எடை ஏறல்லன்னா, அடுக்களையப் பூட்டிருவாவ. எல்லாரும் பழையபடி மாமரத்தடிதான்."

"நான் திங்கல்ல அம்மா."

"நீரு தின்னீருன்னு நான் சொல்லல்ல." கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆனா வந்தப்பம் இருந்ததுக்கு நீரு மட்டும் நல்லா சதை போட்டிருக்கீரு."

"அது சதை இல்ல அம்மா. வெப்ராளத்துல வீங்கினது."

அவர் பானையைத் திறந்து பார்க்காமலே போய்விட்டார். வேலை போவதுகூடப் பெரிதில்லை. முட்டை திருடி வேலை போனவன் என்று ஊரில் பேர் வந்தால் யார் எனக்குப் பெண் கொடுப்பார்கள்? முட்டையைத் தின்னாத நான், தின்றவனுக்கு உள்ள பயம் முழுவதையும் பட்டேன்.

3. காப்பி பென்சில்

மறுநாள் காலையில் கம்பவுண்டரிடம் ஒரு காப்பி பென்சில் இரவல் வாங்கினேன். எழுதும்போது சாம்பல் நிறமாக இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாகப் பொங்கிவிடும், ஒரு நாள் முழுக்கத் தேய்த்தாலும் போகாது. முனையை நாக்கில் தொட்டு, அவித்து எடுத்த முட்டையின் ஈரத் தோட்டில் ஒரு குறி போட்டேன். கடவுளும் பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலுவைக் குறியாகவே போட்டேன். கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் கழிந்து டாக்டரம்மா வந்தார். "அம்மா" என்று நான் வாயைத் திறந்ததும் பதறிப் போனார்.

"நாக்கை நீட்டும். என்ன நோவு இது?"

நோவு இல்லை, முட்டைக்குக் குறி போட்ட பென்சில் என்று புரியவைப்பதற்குள் அவர் என் நாடியைப் பிடித்து, கண்ணை விரித்து, வயிற்றை அமுக்கியும் பார்த்துவிட்டார். புரிந்ததும், "வாரும்" என்று முன்னால் நடந்தார். அவர் பின்னால் போவதால் பெண்கள் வார்டுக்குள் எனக்கும் அன்று அனுமதி.

தங்கம்மையின் விரல் நுனிகள் ஊதா. டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்ததும் அவள் அழுதுவிட்டாள்.

"மாமி வெறும் வயித்தோட பக்கத்துல இருக்காவ. நான் எப்படியம்மா முட்டைய உரிச்சுத் திங்குவேன்? அவுங்களுக்குக் குடுத்தேன்."

அன்னபாயின் சேலை முந்தி ஊதா. அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"எனக்குப் பல்லு எங்க இருக்கு? முட்டை எனக்கு வாயு. வேண்டாம்னு சொன்னா மாமி கோவிச்சுகிட்டான்னு இவ அழுவா. அதனால வாங்கி மடியில வச்சேன். அங்கிண ஒரு பிள்ளை, அந்தியானா கண்ணு தெரியாம தடவுது. பாவம்னு அதுக்குக் குடுத்தேன்."

அந்தப் பிள்ளை மரியா, குளச்சல்காரி. டாக்டரம்மா கண்ணுக்காகக் கொடுக்கிற மீனெண்ணெயை மற்றப் பிள்ளைகள் துப்பும், இவள் பாயசம் மாதிரிக் குடித்துவிட்டு இன்னும் கேட்பாள். அவள் கன்னத்தில் ஊதா.

"முட்டை தின்னியா பிள்ளே?"

"சீ. முட்டை நாறும்."

"பின்ன என்ன செய்த?"

மரியா தலையணைக்கு அடியிலிருந்து மாவுக்கல்லில் செதுக்கிய ஒரு குட்டி யானையை எடுத்தாள். தும்பிக்கை இல்லாத யானை. "ஆசாரி மாமா செஞ்சு தாராரு. ஒரு காலுக்கு மூணு முட்டை. தும்பிக்கைக்கு இன்னைக்குக் குடுத்தாச்சு. இனி வாலுக்குத்தான்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. அன்னபாய் வந்தாள், யானையோடு மரியா வந்தாள், இரண்டு மூன்று கூட்டிருப்புக்காரர்கள் என்ன ஏது என்று கேளாமலே வந்தார்கள். எல்லோருமாக ஆண்கள் வார்டுக்குப் போனோம். மயிலாடிக் கல்லாசாரி ஆறுமுகம் காலில் பலகை கட்டிப் படுத்திருந்தார். அவருக்கு மூக்கு நுனி ஊதா.

"ஆசாரியாரே, முட்டை தின்னீரா?"

"சிவ சிவா. உளி பிடிக்கிற நாள்ல நான் முட்டை தொடமாட்டேன்."

"தொட்டிருக்கீரே. பின்ன எதுக்கு வாங்கினீரு?"

"பிள்ளை ஆசையா நீட்டுது. வேண்டாம்னா மொகம் வாடிரும்லா." ஆசாரி மேற்கூரையைப் பார்த்தார். "பின்ன, பொடி போடாம எனக்குக் கை ஓடாது. நீங்க பொடி கூடாதுன்னுட்டிய. இங்க ஒருத்தி இருக்கா, ரகசியமா வாங்கித் தருவா. அவளுக்குச் சும்மா இருக்கட்டும்னு குடுக்கேன்."

"எவ?"

ஆசாரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் மூக்குப்பொடி மட்டை கிடந்தது. டாக்டரம்மா அதை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு தூரம் வந்து முட்டை கைநழுவிப் போகிறதே. அடுக்களைக்குத் திரும்பினேன். கூட்டமும் என் பின்னாலேயே வந்துவிட்டது. டாக்டரம்மா ஆட்டுரல் மேல் உட்கார்ந்தார். முட்டையைக் கண்டுபிடிக்காமல் யாருக்கும் சோறு இறங்காது என்கிற மாதிரி எல்லோரும் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து யேசடியாள் தோளில் விளக்குமாறோடு வந்தாள். கூட்டத்தை அவள் கவனிக்கவில்லை. முந்தியை அவிழ்த்தாள்.

"இந்தா மக்கா. எனக்க கோழி இட்டது."

வாங்கி உருட்டிப் பார்த்தேன். ஊதாச் சிலுவை.

டாக்டரம்மா எழுந்து வந்து என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"யேசடியா, ஒனக்க கோழி சிலுவை போட்டு முட்டை இடுமா?"

யேசடியாள் கண் இமைக்காமல் சொன்னாள்: "அது ஞானஸ்நானம் வாங்கின கோழி அம்மா."

முதலில் சிரித்தது அன்னபாய்தான். பிறகு யாரை யார் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்று தெரியவில்லை. டாக்டரம்மா ஆட்டுரலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆண்கள் வார்டிலிருந்து ஆசாரி, "என்னவே அங்க, எனக்கும் சொல்லுங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கோழியே கிடையாது" என்றாள் யேசடியாள், சிரிப்பு அடங்கினதும். "எப்பவோ மரநாய் கொண்டு போயிட்டு. இவன் மொகத்தப் பாத்தா யாருக்குத்தான் குடுக்கத் தோணாது?"

நான் மட்டும் சிரிக்கவில்லை. முட்டையைத் தின்றது யார் என்று தேடித் தேடி அலைந்த ஆளும் நான்தான், இத்தனை நாளும் தின்று தின்று பெருத்த ஆளும் நான்தான்.

4. பங்கு வைக்க முடியாத பண்டம்

"இனி நான் முன்னால நின்னு தின்ன வைக்கேன்" என்றார் டாக்டரம்மா. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். தங்கம்மை மாமியாரைப் பார்த்தாள், முட்டையைப் பார்த்தாள், வாயில் போட்டதும் அது தொண்டையில் அடைத்தது, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

அன்னபாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, முட்டைன்னு குடுத்தா எங்க ஆளுவ பங்குதான் வைக்கும். மருந்துன்னு குடுங்க. பிள்ளை பெத்தவளுக்க மருந்தை அடுத்த ஆளு தொடுமா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்க்க ஓடினேன். கருப்பட்டியைப் பாகு வைத்து, சுக்கு தட்டிப் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றிக் கிண்டி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு இறக்கினேன். மணம் மாமரம் வரை போனது. தங்கம்மை ஒரு சொட்டு விடாமல் வழித்துத் தின்றாள். மாமியாரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மருந்துக்கு எதற்கு மரியாதை?

டாக்டரம்மா இன்னொன்றும் செய்தார். "தப்பு எனக்கதுதான். கூட்டிருக்கவளுக்கும் ஒரு வயசு உண்டும், ஒரு வயிறு உண்டும்னு நான் நெனைக்கல்ல" என்று சொல்லி, அன்னபாய்க்கு மசித்த பயறும் மட்டிப்பழமும் எழுதினார். மாமியாருக்கு முதல் தட்டு போன பிறகுதான் மருமகளுக்கு மருந்து போகும். அதிலிருந்து அடுக்களையில் எல்லாமே மருந்தாகிவிட்டது. மரியாவுக்கு மீன் கண்மருந்து. ஆசாரிக்குக் கேப்பைக்களி எலும்பு மருந்து. மூக்குப்பொடி மட்டும் மருந்தாகவில்லை. ஆனாலும் யானைக்கு வால் வந்தது, முட்டை இல்லாமலே.

கமிட்டி கூடுகிற சனிக்கிழமை வந்தது. பிள்ளையைத் துணியோடு தராசில் வைத்தார்கள். வைத்ததும் அது தாராளமாக மூத்திரம் பெய்தது. இத்தனை நாள் கருப்பட்டியும் முட்டையும் அந்த வழியாகவே போய்விட்டால்? டாக்டரம்மா போன தடவை எடைக்கு மேலே ஒரு படிக்கல் வைத்தார். தட்டு அசையவில்லை. இன்னொன்று வைத்தார். அப்போதும் பிள்ளை இருந்த தட்டு மேலே வரவில்லை. மூன்றாவது கல்லைக் கையில் எடுக்கும்போதே கமிட்டிக்காரர் ஒருவர், "போதும் போதும், இது ஏறிப் போச்சு" என்றார்.

அடுக்களை பூட்டப்படவில்லை. நான் அங்கே கிழவனாகும் வரை வேலை பார்த்தேன்.

அன்று எல்லோரும் போன பிறகு டாக்டரம்மா, "நீரும் ஏறும்" என்று மூட்டை நிறுக்கிற பெரிய தராசைக் காட்டினார். ஏறினேன். பார்த்தார்.

"கொள்ளாம், நல்லதுதான். வீக்கம் வடிஞ்சிருக்கு."

இப்போது அடுக்களை வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எந்த வயசுக்கு எது என்று படித்துக்கொள்ளுங்கள், அது அவசியம். ஆனால் தட்டை வைத்துவிட்டு உடனே திரும்பி வராதீர்கள். பானையிலிருந்து வாய் வரை ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் மாமியார் இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது, ஆசாரி இருக்கிறார், இரக்கப்படுகிற ஒருத்தி இருக்கிறாள். அவர்களில் யாரும் களவாணி இல்லை. அவர்கள் வயிற்றையும் சேர்த்து நினைத்தால்தான் நீங்கள் சமைத்தது போக வேண்டிய வாய்க்குப் போகும்.

யாராவது அன்பாக ஒரு முட்டை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் வாங்கிக்கொள்வேன். ஒருமுறை நன்றாக உருட்டிப் பார்த்துவிட்டு.