டீச்சர் பாத்தியில் பசைத் தண்ணீர்

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களில் பரசுராமனுக்குத் தனிப் பெயர் உண்டு. சாயத்துக்கு முன்னால் நூலைச் சலவைச் சோடாவும் சோப்பும் போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்து, பட்டுப்புழு விட்ட பசையை எடுக்க வேண்டும். சோடா கூடினால் நூல் இற்றுப்போகும், குறைந்தால் பசை போகாது. மற்றவர்கள் தராசு வைத்திருக்கிறார்கள். இவர் ஒரு சொட்டை ஆறவிட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர்தான் இந்தக் காரியத்தைச் செய்தார்.

பக்கத்து வீட்டு அமலி டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸுக்கு ஓசூரில் மகன் வீட்டுக்குப் போனால் தை முடிந்துதான் திரும்புவார். போவதற்கு முன் தோட்டத்தில் பாத்தியைக் கொத்தி, எரு விற்கும் பழனியிடம் வாங்கிய மக்கின எருவைப் போட்டு, தழையால் மூடி வைத்தார். பனிக்காலம் முழுக்க மண் சும்மா கிடந்தால் மாசியில் கத்திரி நாற்று வைக்கலாம். பரசுராமனிடம் அவர் கேட்டது, வாரம் ஒரு குடம் தண்ணீர். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது சுறுசுறுப்பானவர்களுக்கு ரொம்பக் கஷ்டமான வேலை. பட்டறையின் பசைத் தண்ணீர் தினமும் சாக்கடைக்குப் போவதைப் பார்த்துப் பரசுராமன் யோசித்தார். புழு தின்றது இலை. அந்த இலைதான் பசையாகிறது. ஆக, இதுவும் தழை உரம்தான், கொஞ்சம் சுற்றி வந்திருக்கிறது. தர்க்கத்தில் குறையே இல்லை. சோடாவைத்தான் கணக்கில் விட்டுவிட்டார். டீச்சர் கிளம்பியதிலிருந்து மார்கழி முடியும்வரை அதையே பாத்தியில் ஊற்றினார். தையில் மண்மேல் வெள்ளையாகப் பூத்தது. பனியின் வேலை என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மண்ணைப் புரட்டித் தழையால் மூடினார். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே.

மாசியில் வைத்த நாற்றுகள் பத்து நாளில் ஓரம் கருகிச் சாய்ந்தன. டீச்சர் பரசுராமனிடம் வருத்தப்பட்டார். நீங்கள் இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டும், பழனி பச்சைச் சாணியைத் தள்ளிவிட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டானே என்றார்.

"இருக்கும், இருக்கும்" என்றார் பரசுராமன்.

டீச்சர் இதைச் சர்ச் வாசலிலும் சொன்னார். அந்த வாரமே, வழக்கமாகப் பழனியிடம் எரு எடுக்கும் இரண்டு வீடுகள் இந்த வருஷம் வேண்டாம் என்றன. அவர் பிழைப்பே எருதான். நேராக டீச்சர் வீட்டுக்கு வந்து நின்று, ஒரு வருஷம் மக்க வைத்த எரும்மா, என் பேரைக் கெடுத்துட்டீங்களே என்று கேட்டுக்கொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் பரசுராமன் காதில் எல்லாம் விழுந்தது. பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார், தெருவரைக்கும் போனார், திரும்பி டீச்சர் தோட்டத்துக்கு வந்தார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"சோடாங்க, டீச்சரம்மா. பட்டறைத் தண்ணி. நான்தான் ஊத்தினேன்."

"நான் எருவைச் சொன்னப்போ இருக்கும் இருக்கும்னீங்களே?"

"ஆமாங்க."

பழனி அவரை மேலும் கீழும் பார்த்தார். "என் எருவுக்கு வாய் இருந்தா இந்நேரம் காறித் துப்பியிருக்கும், மொதலாளி. என்னோட வாங்க. அந்த ரெண்டு வீட்லயும் வந்து இதையே சொல்லுங்க."

டீச்சரும் செருப்பை மாட்டிக்கொண்டார். பேச்சைப் பரப்பியவர் அவர்தானே. அந்த இரண்டு வீடுகளில் முதலில் ஹேமலதா வீட்டுக்கு மூன்று பேரும் போனார்கள். டீச்சர் ஆரம்பிக்க, நான் சொல்றேங்க என்று பரசுராமன் முழுக்கச் சொன்னார். நன்றாகத் திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஹேமலதா திட்டவில்லை. உங்களை மாதிரிப் பெரிய மனுஷர் வீடு தேடி வந்து சொல்றதே பெரிசு என்று உருகி, அவருக்கும் டீச்சருக்கும் நாற்காலி போட்டு, காபி கொண்டுவந்தாள். பழனியிடம், சரி, ஒரு வண்டி எரு போட்டுட்டுப் போ என்றாள்.

பழனி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காபி தீரும்வரை பரசுராமன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.