மூன்றாவது கொட்டாவி

பிள்ளைகளே, விபத்தே ஏற்படுத்தாத லாரி ஓட்டுநர் ஒருவருக்குச் செங்கல்பட்டில் பாராட்டு விழா வைத்தார்கள். எங்கள் கிடங்கிலிருந்து அவர் லாரியிலேயே துணைக்கு என்னை அனுப்பினார்கள். அவருக்குச் சிவந்த கண், பெரிய மீசை. ஓட்டும்போது கொட்டாவியை எண்ணுவார். மூன்றானால் வண்டியை நிறுத்தித் தூங்கிவிடுவார்.

விழா மண்டபம் கண்ணுக்குத் தெரிந்தபோது, "ரெண்டு" என்றார். அவரைப் பார்த்து நானும் கொட்டாவி விட்டேன்.

"மூணு!" என்று லாரியை ஓரங்கட்டினார்.

"அண்ணாத்த, அது நான் வுட்டது! மண்டபம் தோ கீது! ஆள் இல்லன்னா பொன்னாடைய வேற எவனுக்காவது போத்திடுவாங்க!"

"எவன் வுட்டா இன்னா? கேபின்ல ஒட்டிக்கும் நைனா. தூரம் கம்மின்னு தூக்கத்துக்குத் தெரியுமா?"

படுத்துவிட்டார். நான் ஓடிப்போய் மேடையேறி, அவருக்கான பொன்னாடையை வாங்கி வந்தேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். போர்த்திவிட்டு, அவர் விழித்துவிடாதபடி சத்தமில்லாமல் கைதட்டினேன்.