ஒரே வரியில் முடித்த பாடம்

இங்கே திங்கட்கிழமை காலையில் என் மேசைமேல் ஒரு கட்டுத் தாள் இருக்கும். நான் கேட்டதில்லை, யாரும் விலை சொன்னதுமில்லை. பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் அதை ‘டிரான்ஸ்’ என்கிறார்கள். பேராசிரியர் பேசியதை ஒரு குழு அப்படியே எழுதி வகுப்புக்கே கொடுக்கும். அடுத்த வாரம் இன்னொரு குழு. பட்டுக்கோட்டையில் பிளஸ் டூ படித்தபோது, பக்கத்து பெஞ்சுக்காரி நோட்டுக் கேட்டால் “இன்னும் எழுதலடி” என்று கூசாமல் சொன்னவள் நான். எனக்கு அந்தக் கட்டைப் பார்த்தால் சந்தேகம்தான் வந்தது.

இரண்டாம் ஆண்டில் நோயியல் வந்தது. எதைப் படிப்பது என்பதே பெரும்பாடு. தலையணை கனத்தில் பாடப்புத்தகம், இந்த டிரான்ஸ், சீனியர் அக்கா சென்னையிலிருந்து கொண்டுவந்த கைடு. இங்கே தேறினால் மட்டும் போதாது. ஊருக்குத் திரும்பி அங்கேயும் ஒரு தேர்வு எழுதியாக வேண்டும். அதனால் அந்த ஊர்த் தேர்வுக்கான கைடையே கட்டிக்கொண்டு அழுதேன். முதல் தேர்வில் தோற்றேன். இறுதித் தேர்விலும் தோற்றால் ஆண்டு முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும். அப்போதும் புத்தி வரவில்லை.

எங்கள் குழுவின் முறை வந்தபோது கல்லீரல் பாடத்தை எழுதும் வேலை எனக்கு. பேராசிரியர் பாதி நேரம் ஒரு புழுவைப் பற்றியே பேசினார். வயல் தண்ணீரில் நத்தை. நத்தையிலிருந்து வரும் புழு, நடவு நடுபவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். அதன் முட்டைகள் தங்கித் தங்கிக் கல்லீரல் இறுகிப்போகும். கைடைப் புரட்டினேன். நம் நாட்டில் அநேகமாக இல்லாத நோய் என்பதால் இரண்டே வரி. நான் அதை ஒரே வரியில் முடித்து, மிச்ச இடத்தைக் கைடில் இருந்ததைக் கொண்டு நிரப்பினேன். எல்லாருக்கும் நல்லது செய்கிறோம் என்ற பெருமை வேறு.

அடுத்த தேர்வில் ஏழு கேள்விகள் அந்தப் புழுவைப் பற்றி. வகுப்பே திணறியது. குழுத்தலைவி லிசாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஓகே லாங்” என்று சிரித்தாள். பரவாயில்லை என்று அர்த்தம். நம் ஊரில் கோபம் என்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இவள் சிரித்துவிட்டாளே என்று நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். திங்கட்கிழமை என் மேசையில் கட்டு இல்லை. குழுப் பட்டியலில் என் பெயரும் இல்லை. அந்தத் தாள்கள் இல்லாமல் நான் தேற முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் அப்பாவுக்கு போன் செய்தேன். ஊரில் நடவு நடந்துகொண்டிருந்தது.

“அப்பா, சேத்துல நிக்கிறப்ப கால் அரிக்குதா?”

“அரிச்சா சொறிஞ்சுக்க வேண்டியதுதான். டாக்டருக்குப் படிக்கிற புள்ள கேக்குற கேள்வியாம்மா இது?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நத்தை நம் வாய்க்காலில் இல்லை என்பதைத் தவிர அப்பாவைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை.

வகுப்பின் ஒலிப்பதிவை வாங்கி, பாடம் முழுவதையும் ஒரு சொல் விடாமல் எழுதி லிசாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. “சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வா” என்றாள்.

அவள் வீட்டைச் சுற்றி வயல். அவள் அப்பா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு நாற்று நட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பில் வயிறு மட்டும் உப்பியிருந்தது. அந்தப் புழுவால் ரத்த வாந்தி எடுத்து இரண்டு முறை பிழைத்தவர் என்றாள் லிசா. நான் ஒரே வரியில் முடித்த மனிதர். என் பெயரை மறுபடி பட்டியலில் எழுதிவிட்டதாக அங்கேதான் சொன்னாள்.

அவள் அப்பா ஒரு நாற்று முடியைத் தூக்கிக் காட்டி என்னைக் கூப்பிட்டார். அதே பச்சை, அதே சேற்று வாசனை. பழக்கதோஷத்தில் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். லிசா பதறி ஓடிவந்து தன் பூட்ஸைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். எனக்கு அது ஒரு அளவு பெரிது. அதை மாட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து பழகிய சேற்றில் ஒரு விருந்தாளியைப்போல இறங்கினேன்.